செலவை மட்டும் எழுதும் கடிகாரம்

மதுரை கீழமாசி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் எங்களுக்குத் தராசுக் கடை. அப்பா காலத்தில் பித்தளைத் தட்டும் இரும்புப் படிக்கல்லும். என் காலத்தில் எல்லாம் எலெக்ட்ரானிக். மளிகைக்கடைத் தராசு, நகைக்கடைத் தராசு, மூட்டை ஏற்றும் பிளாட்பாரத் தராசு, வீட்டில் ஏறி நிற்கும் கண்ணாடி மெஷின் எல்லாம் விற்போம், ரிப்பேரும் பார்ப்போம். கொஞ்ச வருஷமாக ஒரு புதுவகைப் புகார் வருகிறது. "அண்ணே, உங்க மெஷின் சரியில்ல. தினம் பத்தாயிரம் அடி நடக்கிறேன். வாட்ச்சுல ஐந்நூறு கலோரி எரிஞ்சிருக்குன்னு காட்டுது. உங்க மெஷின் அரைக் கிலோகூட இறங்க மாட்டேங்குது." மெஷினை வாங்கித் தரையில் வைத்து, 20 கிலோ முத்திரைக் கல்லை ஏற்றுவேன். 20.0 என்று நிற்கும். "மெஷின் சரியாத்தான் சார் இருக்கு" என்றால், வாட்ச் பொய் சொல்லுமா என்று அடுத்த கேள்வி வரும்.

வியாபாரத்துக்கு வைத்திருக்கும் எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும். நம் மாநிலத்தில் அதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. தக்காளி நிறுக்கிற தராசு அனுமதித்த அளவுக்கு மேல் தப்பினால் வழக்கு. கையில் கட்டிய கடிகாரம் காட்டும் கலோரிக்கு இப்படி ஒரு முத்திரை கிடையாது. தராசு விற்றுச் சாப்பிடுகிறவன் தராசுப் பக்கம்தான் பேசுவான் என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான், அதற்கான கழிவைப் போட்டுக்கொண்டே மேலே படியுங்கள். ஆனால் உடம்பை அளக்கும் கருவிகளின் கதை நானூறு வருஷக் கதை. அதைத் தெரிந்துகொண்டால் அந்த வாட்ச் ஏன் எடையைக் குறைக்கவில்லை என்பது தானாக விளங்கும்.

முதல் ஆள் சான்டோரியோ. 1561-ல் பிறந்தவர், இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர். கிராமத்தில் புளியும் பருத்தியும் நிறுத்த வெள்ளிக்கோலைப் பழைய ஆட்கள் பார்த்திருப்பார்கள். அந்த இனத்துத் தராசு ஒன்றை, ஒரு முனையில் சரக்கும் மறுபக்கம் கோலின் மேல் நகரும் ஒற்றைக் குண்டுமாகப் பெரிதாகச் செய்து மேலே தொங்கவிட்டு, சரக்கு மாட்டும் இடத்தில் ஒரு நாற்காலியை மாட்டினார். அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். முப்பது வருஷம் போலத் தன்னை நிறுத்துக்கொண்டே இருந்தார் என்பார்கள். தின்றதை நிறுத்தார், குடித்ததை நிறுத்தார், கழித்ததையும் நிறுத்தார். கணக்கு உதைத்தது. எட்டு ராத்தல் உள்ளே போனால் அதில் ஐந்து ராத்தல் கண்ணுக்குத் தெரியாமல் காணாமல் போகிறது. உடம்பிலிருந்து புலப்படாத வியர்வையாக அது வெளியேறுகிறது என்று முடிவு செய்து, 1614-ல் லத்தீனில் புத்தகமாகப் போட்டார்.

அந்தப் புத்தகத்தின் பழைய பதிப்புகளில் ஒரு படம் உண்டு. எடை நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார், எதிரே சாப்பாட்டு மேசை. தராசுக்காரன் கண்ணுக்கு அந்தப் படத்தின் சூட்சுமம் சட்டென்று பிடிபடும். எவ்வளவு சாப்பிட வேண்டுமோ அந்த எடைக்குக் குண்டை முன்கூட்டியே நகர்த்தி வைத்துவிடலாம். அளவு நிறைந்ததும் நாற்காலி கொஞ்சம் கீழே இறங்கும். போதும், எழுந்திரு என்று அர்த்தம். உடம்பைக் கண்காணிக்க மனிதன் செய்த முதல் பெரிய கருவி சாப்பாட்டைத்தான் பார்த்தது, காலைப் பார்க்கவில்லை.

அவருடைய "புலப்படாத வியர்வை" முழுக்க வியர்வை இல்லை, மூச்சும் அதில் சேர்த்தி. 2014-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இரண்டு ஆஸ்திரேலியர்கள் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: உடம்பில் 10 கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக நுரையீரல் வழியே போகிறது, மிச்சம் 1.6 கிலோ தண்ணீராக. ஜிம்மில் பனியன் நனைந்தால் கொழுப்பு வழிந்துவிட்டது என்று நம்புகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நம்ப மாட்டார்கள்.

சான்டோரியோ நாற்காலியில் தொங்கிய அதே காலத்தில் நம் நாட்டிலும் ராஜாக்கள் தராசில் ஏறினார்கள், நேர் எதிரான காரணத்துக்கு. கோயில் துலாபாரம் நமக்குத் தெரிந்த விஷயம். அந்த வழக்கத்தை முகலாயர்களும் எடுத்துக்கொண்டார்கள். இளவரசர் குர்ரம், பிற்பாடு ஷாஜகான் ஆனவர், 1607-ல் தராசில் அமர்ந்து நிறுக்கப்பட்ட காட்சியின் ஓவியம் இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1617-ல் ஜஹாங்கீர் நிறுக்கப்பட்டதை ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். தட்டில் ராஜா கனமாக இருந்தால் எதிர்த்தட்டில் தங்கமும் வெள்ளியும் தானியமும் கூடும், தானம் கூடும். எடை ஏறினால் ஊருக்கே லாபம்.

அந்த மனநிலை நம்மிடம் வெகுகாலம் இருந்தது. ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷினில் என் தலைமுறை ஏறியதே சதை போட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான். காசு போட்டால் உள்ளே சக்கரம் சுழலும், கலர் பல்புகள் மினுக்கும், டக்கென்று ஒரு அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் நடிகர் படமோ ஜோசிய வரியோ. எடை மெஷின் என்று பெயர். சம்பாதித்துக் கொடுத்தது ஜோசியம். பல்பு நின்று எடை விழுந்தது முழுசாகத் தெரிவதற்குள் ஆள் இறங்கிவிடுவான், அட்டையில் நடிகர் யார் என்று பார்ப்பான். இந்தக் காசு மெஷின் 1880-களில் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போய் அங்கே தெருத்தெருவாக நின்றது. அங்கே பெண்கள் இளைப்பதற்காக ஏறினார்கள். இங்கே லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டு வந்த பிள்ளையை ஏற்றி இறக்கி, ரெண்டு கிலோ கூடியிருக்கு என்று சந்தோஷப்பட்டார்கள்.

எடை ஏறுவதுதான் ஆரோக்கியம் என்ற எண்ணத்தை ஆட்டிப் பார்த்த ஆராய்ச்சி சென்னையில்தான் நடந்தது. 1956-ல் மெட்ராஸில் காசநோய் மருந்து ஆய்வு மையம் ஆரம்பித்தார்கள். ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் படுக்க வைத்து, நல்ல சாப்பாடு போட்டு மருந்து கொடுத்தார்கள். இன்னொரு பாதியை அவரவர் குடிசையிலேயே இருக்கவிட்டு அதே மருந்தைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை நன்றாகவே கூடியது. வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த அளவு கூடவில்லை. ஆனால் நோய் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. 1959-ல் வந்த அந்த அறிக்கை உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தையே மாற்றியது. தராசு விற்கிறவனுக்கு அதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு: மெஷின் எண்ணைச் சொல்லும், அது நல்லதா கெட்டதா என்பது மெஷினுக்குத் தெரியாது.

இப்போது காற்று மாறி அடிக்கிறது. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள் 2015-16-ல் 30.9 சதவீதம். 2019-21-ல் 40.4. ஐந்தே வருஷத்தில். எங்கள் கடையில் கண்ணாடி மெஷின் விற்பனை ஏறியதற்கும் இதுதான் காரணம், சங்கடமான லாபம்.

அடி எண்ணும் கதை தனியாக வளர்ந்தது. உடம்புக்காக இல்லை, நிலத்துக்காக. பரங்கிமலை அடிவாரத்தில் 1802-ல் லாம்ப்டன் சங்கிலி பிடித்துத் தொடங்கிய நில அளவை வடக்கே இமயமலை வரை போனது. திபெத்துக்குள் வெள்ளைக்காரன் நுழைய முடியாத நிலை. குமாவோன் மலைக்காரர் நைன் சிங்கைப் பழக்கி அனுப்பினார்கள். ஏற்றமோ இறக்கமோ, ஒரே நீளத்தில் அடி வைக்கப் பயிற்சி. கையில் ஜபமாலை, 108 மணி இருக்க வேண்டிய இடத்தில் 100 மணி. நூறு அடிக்கு ஒரு மணி உருட்டுவார். பார்க்கிறவனுக்குப் பிரார்த்தனை, அவருக்குக் கணக்கு. 1865-66-ல் இப்படியே லாசா வரை எண்ணிக்கொண்டு போனார். ஐரோப்பாவில் அதற்கு வெகுகாலம் முன்னாலேயே சுவிஸ் கடிகாரக்காரர்கள் அடி எண்ணும் கருவி செய்துவிட்டார்கள். ஆனால் அது பணக்காரர் பையில் கிடந்த விளையாட்டுச் சாமான்.

சாமானியன் இடுப்புக்கு அதைக் கொண்டுவந்தது டோக்கியோ. 1964 அக்டோபரில் அங்கே ஒலிம்பிக். ஊரே உடற்பயிற்சி ஜுரத்தில் இருந்தது. மறுவருஷம் யமாசா என்ற கடிகாரக் கம்பெனி இடுப்பில் மாட்டும் ஒரு கருவியை விற்பனைக்கு விட்டது. அதற்கு வைத்த பெயரே பத்தாயிரம் அடி மீட்டர் என்பதுதான். யோஷிரோ ஹடானோ என்ற ஆய்வாளரும் பத்தாயிரத்தை ஆதரித்துப் பேசினார், நடைச் சங்கங்கள் பிடித்துக்கொண்டன. இன்று மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தைச் சுற்றுகிறவர் கையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும் இலக்கு அந்தப் பெட்டியின் மேல் அச்சான எண்தான். ஆயிரக்கணக்கான பேரை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து கண்டுபிடித்த எண் அல்ல. அப்படிப் பின்தொடர்ந்த ஆராய்ச்சி 2019-ல்தான் பெரிதாகப் பேசப்பட்டது: ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு, சராசரி 72 வயதான 16,741 பெண்களைப் பார்த்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களுக்குச் சாவு கணிசமாகக் குறைவு. 7,500-க்கு மேல் போனால் கூடுதல் லாபம் தெரியவில்லை. கவனியுங்கள், அது ஆயுளைப் பற்றிய கணக்கு. எடையைப் பற்றியது அல்ல.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 2007-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஃபிட்பிட் கம்பெனி, 2009-ல் அதன் முதல் கருவி, 2015-ல் ஆப்பிள் வாட்ச், பின்னால் நம்ம ஊர் பஜாரில் ஆயிரத்து சொச்சத்துக்குக் கிடைக்கும் நூறு பெயர்கள். உள்ளே ஊஞ்சல் மாதிரி ஆடிய குண்டும் ஸ்பிரிங்கும் போய், அசைவை உணரும் சிப் வந்தது. கை ஆடினால் அடி. சப்பாத்தி தேய்த்தால் சிலதில் அடி ஏறும். குழந்தை வண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தால் கை ஆடாததால் பாதி அடி காணாமல் போகும்.

இவ்வளவு பேர் கட்டிக்கொண்ட பிறகுதான் இதனால் எடை குறைகிறதா என்று ஒழுங்காகச் சோதித்தார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜாகிசிச் குழு நடத்திய சோதனையில் 18 முதல் 35 வயதுக்குள் உள்ள 471 பேர். முதல் ஆறு மாசம் எல்லாருக்கும் ஒரே ஏற்பாடு: குறைந்த கலோரி உணவு, நடை, கூடிப் பேசும் வகுப்பு. பிறகு ஒரு பாதிக்குப் புஜத்தில் கட்டும் கருவி கொடுத்தார்கள். இன்னொரு பாதி தாங்கள் செய்ததைத் தாங்களே எழுதிப் பதிவு செய்ய வேண்டும். சோதனை மொத்தம் இரண்டு வருஷம் ஓடியது, முடிவு 2016-ல் வெளிவந்தது. தாங்களே பதிந்தவர்கள் சராசரி 5.9 கிலோ இறங்கியிருந்தார்கள். கருவி கட்டியவர்கள் 3.5 கிலோ. கருவி கட்டினால் கூடுதலாக இறங்கும் என்று எதிர்பார்த்துத் தொடங்கிய சோதனை அது. நடந்த கணக்கைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சாப்பிடலாம் என்று தோன்றியிருக்கலாம் என்று பேசினார்கள், நிரூபித்துச் சொல்லவில்லை. எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் சந்து முனையில் வாக்கிங் முடித்த கூட்டம் டீக்கடையில் உளுந்து வடையோடு நிற்பதைத் தினம் காலையில் பார்க்கிறேன்.

அடுத்தது சிங்கப்பூர். சிவகங்கை, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் அங்கே இருப்பதால் எங்கள் கடைக்கும் அந்தச் செய்தி வேறு வழியில் வந்தது: அரசாங்கம் நடைப் போட்டிக்கு இலவசமாகக் கொடுத்த பட்டையை ஒருவர் ஊருக்குக் கொண்டுவந்து, "பேட்டரி மாத்தித் தருவீங்களாண்ணே" என்று கேட்டார். அந்த ஊரில் 13 நிறுவனங்களின் 800 ஊழியர்களை நாலு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கருவி இல்லை. ஒன்றுக்கு ஃபிட்பிட் மட்டும். ஒன்றுக்கு, நடந்தால் தர்மத்துக்குப் பணம். ஒன்றுக்கு, நடந்தால் கையில் ரொக்கம். ஆறு மாசம் ரொக்கக்காரர்கள் நன்றாக நடந்தார்கள். ரொக்கம் நின்றது, நடையும் பழைய நிலைக்கு வந்தது. வருஷக் கடைசியில் பத்தில் ஒருவர்தான் இன்னும் கருவியைக் கட்டியிருந்தார். எடையிலும் ரத்த அழுத்தத்திலும் எந்தப் பிரிவிலும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை.

இங்கேதான் கணக்குப் புத்தகம் நினைவுக்கு வருகிறது. உடம்பின் எடை வரவு செலவு போக நிற்கும் இருப்பு. தட்டு வரவு, நடை செலவு. கடிகாரம் செலவுப் பக்கத்தை மட்டும் எழுதுகிறது, அதையும் தப்பாக எழுதுகிறது. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஏழு வகைக் கடிகாரங்களைக் கட்டி, முகத்தில் மாட்டிய மூச்சுக் கருவியோடு ஒப்பிட்டார்கள். நாடித் துடிப்பை ஏழில் ஆறு சரியாகவே சொல்லின. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவி சராசரி 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம். இப்படித் தப்பும் தராசை நான் விற்றால் கடைக்குப் பூட்டுத்தான். 1890-களில் கனெக்டிகட்டில் அட்வாட்டர் என்ற வேதியியல்காரர் ஆளையே ஒரு சின்ன அறைக்குள் நாள் கணக்கில் அடைத்து, வெளியேறிய சூட்டையும் மூச்சையும் அளந்துதான் மனிதன் எரிக்கும் கலோரியைச் சொன்னார். அவ்வளவு பாடுபட்டு அளக்க வேண்டியதை மணிக்கட்டில் மினுக்கும் பச்சை விளக்கு ஊகித்துச் சொல்கிறது.

செலவு சரியாகவே எழுதப்பட்டதாக வைத்துக்கொண்டாலும் தொகை சின்னது. 70 கிலோ ஆள் பத்தாயிரம் அடி நடந்தால் 300, 400 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் 7,700 கலோரி போல இருக்கிறது. ராத்திரி இரண்டு பரோட்டா, சால்னா. பத்தாயிரம் அடியும் அதில் அடங்கிவிடும். பரோட்டாவைத் தின்ன ஐந்து நிமிஷம், நடக்க ஒன்றரை மணி நேரம். கம்பெனிகள் காலை எண்ணக் காரணம் அது எண்ண வசதியானது, சிப் போதும். சால்னாவில் எத்தனை கரண்டி எண்ணெய் என்று சொல்ல எந்தச் சிப்பும் இல்லை.

கடிகாரத்துக்குச் சேர வேண்டியதையும் கொடுத்துவிடுகிறேன். 2007-ல் பழைய இடுப்புக் கருவி ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, கட்டியவர்கள் நாளுக்கு ஏறக்குறைய 2,500 அடி கூடுதலாக நடந்தார்கள், அதிலும் இன்ன இலக்கு என்று வைத்துக்கொண்டவர்கள். எடை? ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ. நடப்பது இதயத்துக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது, மூட்டுக்கு நல்லது. அதற்காகக் கட்டுங்கள். இளைப்பதற்காக என்றால் கடன் வாங்கிக் கட்டாதீர்கள்.

தராசு மட்டும் யோக்கியமா? என் சரக்கின் வண்டவாளத்தையும் சொல்ல வேண்டும். கண்ணாடி மெஷினின் நாலு மூலையிலும் ஒவ்வொரு உணரி இருக்கும். மேடு பள்ளமான தரையிலோ மிதியடி மேலோ வைத்தால் எண் ஆடும். சில மலிவு மெஷின்களில் ஒரு தந்திரம் உண்டு. கடைசியாகக் காட்டிய எடையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். மறுபடி ஏறும்போது வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் பழைய எண்ணையே காட்டும், மாறாமல் காட்டினால் நல்ல மெஷின் என்று நாம் நம்புவோம் என்பதற்காக. சோதிக்க வேண்டுமானால் ஏறி இறங்கி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுங்கள், பிறகு பாட்டில் இல்லாமல் ஏறுங்கள். கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷின் ஒரு காலிலிருந்து மறு காலுக்குச் சின்ன மின்சாரத்தை ஓடவிட்டு, உடம்பின் தண்ணீரை வைத்துக் கொழுப்பை ஊகிக்கிறது. ஈரக்காலோடு ஏறினால் ஒன்று, காய்ந்த காலோடு ஏறினால் இன்னொன்று. அந்த எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம் என்று வாங்க வருகிறவரிடமே சொல்லிவிடுவேன்.

ஆனால் இருப்பைச் சொல்வது தராசுதான். அமெரிக்காவில் 1994-லிருந்து, பெரிதாக இளைத்து அதைத் தக்க வைத்துக்கொண்டவர்களின் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒருமுறையாவது எடை பார்க்கிறவர்கள். வட கரோலினாவில் 91 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையில் ஒரு பாதியைத் தினம் எடை பார்க்கச் சொல்லி, அந்த எண்ணைப் பார்த்து வாரம் ஒரு மின்னஞ்சலும் பாடமும் அனுப்பினார்கள். ஆறு மாசத்தில் அவர்கள் உடல் எடையில் ஆறு சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மின்னஞ்சல் அனுப்பியதைக் கவனிக்க வேண்டும். தராசை மட்டும் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய ஆய்வுகளில் இந்தப் பலன் வரவில்லை. பிட்ஸ்பர்க்கில் தாங்களே எழுதிப் பதிந்தவர்களையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன்: எழுதும்போது வரவும் எழுத வேண்டியிருக்கிறது.

அதனால் மெஷின் வாங்குகிறவரிடம் நான் சொல்வது இவ்வளவுதான். காலையில் எழுந்து, கழிவறை போய்விட்டு வந்து, எதுவும் குடிக்காமல், ஒரே இடத்துத் தரையில் வைத்து ஏறுங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். முந்தின ராத்திரி பிரியாணி என்றால் உப்பு பிடித்து வைத்த தண்ணீரே ஒரு கிலோ காட்டும். வாரச் சராசரியைக் காலண்டரில் எழுதுங்கள். பக்கத்தில் அந்த வாரம் வெளியே சாப்பிட்டது எத்தனை தடவை என்றும் எழுதுங்கள். சர்க்கரை, தைராய்டு உள்ளவர்கள் அந்தக் காலண்டரை டாக்டரிடம் கொண்டு போங்கள். அவர் அதைப் புரட்டிப் பார்ப்பார். வாட்ச்சைக் காட்டினால் பெரும்பாலும் தலையாட்டுவார்.

இப்போது புஜத்தில் ஒட்டும் சர்க்கரை வில்லை வந்திருக்கிறது. தோலுக்குள் மெல்லிய இழை இறங்கி, சில நிமிஷத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவைப் போனுக்கு அனுப்பும், 15 நாள் தாங்கும். இன்சுலின் போடாதவர்கள் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கலாம் என்று 2024 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு வகைக்கு அனுமதி கொடுத்தது. இட்லிக்கு எவ்வளவு ஏறுகிறது, பொங்கலுக்கு எவ்வளவு என்று தெரியும் என்பதால், ரொம்ப நாளைக்குப் பிறகு தட்டுப் பக்கம் திரும்பிய கருவி இது. சர்க்கரை நோயாளிக்கு இதன் பயன் நிச்சயம். நோய் இல்லாதவர் இளைப்பதற்கு என்று விளம்பரம் செய்கிறார்களே, அதற்கு இன்னும் ஆதாரம் போதாது. எண்ணெய் சர்க்கரையை ஏற்றாது என்பதால் பஜ்ஜியை அது பெரும்பாலும் மன்னித்துவிடும். வாங்கி வைத்தால் ஓடும் என்று சப்ளை ஏஜென்ட் சொல்கிறார். மருந்துக்கடைக்காரரிடம் போகச் சொல்லிவிட்டேன்.